பொய்யேட்டில் கிளைத்த நெறி

பிரிட்டன் தீவிலும், பிரெஞ்சு நாடு இன்று இருக்கும் பழைய கால் நிலத்திலும் வாழ்ந்த கெல்டிய மக்களுக்குக் குருமாராகவும் வழக்குத் தீர்ப்பவராகவும் ஆசிரியராகவும் விளங்கியோர் துரூயிடர் எனப்படுவர். அவர்களைப் பற்றிப் பண்டையோர் எழுதி வைத்த செய்திகள் அனைத்தையும் ஒன்று திரட்டினாலும் ஒரு சிறு பிரசுரத்துக்கு மேல் தேறாது. ஆனால், அவர்கள் பெயரைச் சூட்டிக்கொண்டு கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் எழுந்த சங்கங்களையும் சபைகளையும் சமயக் குழுக்களையும் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஒரு நூலகத்தையே நிரப்பும். மூலம் சிறிது, கிளைகள் பலப்பல. இந்த முரண்பாடே ஆராய்ச்சியாளரை முதலில் ஈர்ப்பது.

துரூயிடர் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய ஒரு வரியும் இன்று இல்லை. அவர்களுடைய கல்வி வாய்மொழிக் கல்வி. சிலர் இருபது ஆண்டுகள் வரை செய்யுள்களை மனப்பாடம் செய்தனர் என்றும், அவற்றை எழுத்தில் பொறிப்பது முறையன்று என்று கருதினர் என்றும் சீசர் தம் கால் போர் நூலின் ஆறாம் பகுதியில் கூறுகிறார். உயிர் ஓர் உடலை விட்டு மற்றோர் உடலில் புகும் என்பதும் அவர்கள் கொள்கை என்கிறார். வேதத்தை எழுதாக் கிளவி என்று அறிந்த தமிழ் வாசகருக்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது. பிளினி என்ற உரோமானியப் புலவர், வெள்ளாடை அணிந்த துரூயிடர் ஒருவர் பிறையின் ஆறாம் நாளில் ஓக் மரத்தின் மேலேறிப் பொன் அரிவாளால் புல்லுருவியை அறுக்கும் காட்சியை வருணித்தார். கி.பி. 60-ம் ஆண்டளவில் உரோமப் படை மோனா தீவைத் தாக்கியபோது, துரூயிடர் கைகளை வானுக்கு உயர்த்திச் சாபமிட்டதையும், பின்னர் அவர்களுடைய சோலைகள் வெட்டப்பட்டதையும் டாசிட்டஸ் எழுதினார். எழுதிய மூவரும் வென்ற இனத்தார் என்பதை மறத்தலாகாது. சீசர் அவர்களை அடக்கச் சென்ற படைத்தலைவர். பிளினி வியப்புச் செய்திகளைத் தேடித் தொகுத்தவர். பகைவர் எழுதிய குறிப்பை மட்டும் கொண்டு ஒரு மக்களின் சமயத்தை மீட்டுருவாக்க முயல்வது எத்துணை இடர்ப்பாடுடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் பிற்காலத்தார் தத்தம் விருப்பத்தை வரைந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி என்ற தொல்பொருள் ஆர்வலர், ஸ்டோன்ஹெஞ்சு, ஏவ்பரி முதலிய பெருங்கல் வட்டங்கள் துரூயிடரின் கோயில்களாக இருக்கலாம் என்று கருதினார். வில்லியம் ஸ்டூக்லி என்பார் 1740-ம் ஆண்டு வெளியிட்ட நூலில் அதனை ஐயத்துக்கு இடமின்றி நாட்டிவிட்டதாக எண்ணினார். ஸ்டூக்லி கற்களை அளந்ததும் வரைந்ததும் மிகச் சிறந்த பணி. ஏவ்பரியில் ஊரார் கற்களை உடைத்து வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் வரைந்த படங்களே பல கற்களுக்கு இன்று எஞ்சியுள்ள சான்று. ஆனால் அவர் முடிவு பிழை. ஸ்டோன்ஹெஞ்சு கி.மு. 3000 அளவில் தொடங்கி, அதன் பெருங்கற்கள் கி.மு. 2500 அளவில் நிறுத்தப்பட்டன. துரூயிடரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி உண்டு. ஆயினும், கல் வட்டம் என்றால் துரூயிடர் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. அறிஞர் எத்துணை மறுத்தும் அது அசையவில்லை.

1790-ம் ஆண்டளவில் ரூபன் பரோ என்ற ஆங்கிலக் கணித அறிஞர், இந்தியாவிலிருந்துகொண்டு, பிரிட்டனின் துரூயிடர் பிராமணரே என்று 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' இதழில் அடித்துக் கூறினார். துரூயிடர், திராவிடர் என்ற இரு சொற்களின் ஒலியைக் கேட்டவுடன் உறவு கொண்டாட விழைவோரும் இல்லாமலில்லை. அத்தகையோர்க்குப் பரோவின் கதை நல்ல எச்சரிக்கை. 'துரூயிடு' என்ற சொல்லின் பிற்பகுதியில் அறிவு என்னும் பொருளுடைய பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் இருப்பதாக மொழிநூலார் பலர் கொள்வர்; வேதம் என்ற சொல்லின் வேரும் அதுவே. உறவு அவ்வளவில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கட்டுவதெல்லாம் ஆகாயக் கோட்டை.

சங்கமாக முதலில் தோன்றியது சமயச் சங்கமன்று. 1781-ம் ஆண்டு இலண்டன் போலந்துத் தெருவிலுள்ள 'கிங்ஸ் ஆர்ம்ஸ்' என்ற மதுவிடுதியில் கூடிய நண்பர்கள் சிலர் 'பண்டைத் துரூயிடர் சங்கம்' என்று ஒன்றை அமைத்தனர். பாட்டும் பேச்சும் விருந்தும் உறுப்பினர்க்கு உதவியுமே அதன் நோக்கம். நலிந்தோர்க்கு உதவித்தொகை வழங்குவதே முதற்கடமையாக வேண்டும் என்று கருதியோர் 1833-ம் ஆண்டு பிரிந்து தனிச் சங்கம் கண்டனர். அக்கிளை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஜெர்மனிக்கும் பரவியது. நோய்க் காலத்திலும் சாவு வீட்டிலும் தொழிலாளிக்குக் கைகொடுத்த பரஸ்பர உதவிச் சங்கம் அது. பொய்த் தாடியும் வெள்ளங்கியும் கூட்டத்துக்கு ஒரு கோலம், அவ்வளவே. 1908-ம் ஆண்டு வின்ஸ்டன் சர்ச்சில் தாய்ச் சங்கத்தின் கிளையொன்றில் சேர்ந்தார். தாடிக்காரர் கூட்டத்தின் நடுவே அவர் நிற்கும் புகைப்படம் புகழ்பெற்றது. இதனை விடப் பழைமை கோரும் கதையும் ஒன்றுண்டு. 1717-ம் ஆண்டு ஜான் டோலண்டு என்ற சிந்தனையாளர் இலண்டன் பிரிம்ரோஸ் குன்றில் துரூயிடர் சபையைத் தொடங்கினார் என்பர். அக்காலத்துச் சான்று ஒன்றும் அதற்கு இல்லை.

சமயமாகவும் இலக்கியமாகவும் துரூயிட நெறிக்கு உருக் கொடுத்தவர் ஒரே ஒருவர். அவர் வேல்ஸ் நாட்டுக் கிளமோர்கன் பகுதியில் 1747-ம் ஆண்டு பிறந்த கல்தச்சர் எட்வர்டு வில்லியம்ஸ். புலமைப் பெயர் யோலோ மோர்கானுக். பள்ளிப் படிப்பில்லை, ஆனால் பழைய வேல்ஸ் மொழிச் சுவடிகளில் அவருக்கிருந்த அறிவு அக்காலத்தில் எவர்க்கும் இல்லை. ஈளை நோய்க்காக அபின் கலந்த மருந்தை வாழ்நாள் முழுவதும் உண்டவர். கடனுக்காகக் கார்டிப் சிறையில் இருந்தவர். அடிமை வாணிகத்தை வெறுத்து, ஜமைக்காவில் பொருளீட்டிய தம் உடன்பிறந்தாரின் பணத்தைத் தொட மறுத்தவர். கௌபிரிட்ஜ் ஊரில் சிறு கடை வைத்தபோது, அடிமைகள் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையை விலக்கிக் கிழக்கிந்தியச் சர்க்கரையையே விற்றார். பிரெஞ்சுப் புரட்சியை வாழ்த்தியவர். திரித்துவத்தை மறுத்து ஏக இறைவனை வணங்கும் கிறிஸ்துவப் பிரிவைத் தென் வேல்ஸில் வேரூன்றச் செய்தவர். இத்தனை நேர்மையும் கொண்ட அவரே, சுவடி விஷயத்தில் ஐரோப்பா கண்ட மிகப் பெரிய பொய்யர்களுள் ஒருவர்.

1789-ம் ஆண்டு, பதினான்காம் நூற்றாண்டின் பெருங்கவி தவித் ஆப் குவிலிம் பாடிய கவிதைகள் முதன்முதல் அச்சேறின. அதற்கு யோலோ அனுப்பிய சில பாடல்கள் பிற்சேர்க்கையாக இணைக்கப்பட்டன. அவை யோலோ தாமே இயற்றியவை. அவற்றின் அழகு எத்தகையதெனில், தவித் பாடியவற்றுள் அவையே சிறந்தவை என்று பின்னோர் போற்றினர்! இலண்டனில் 1801-ம் ஆண்டு முதல் வெளிவந்த பழைய வேல்ஸ் இலக்கியப் பெருந்தொகுப்பிலும் அவர் கைவரிசை புகுந்தது. கிளமோர்கன் புலவர் குடி ஒன்றே பண்டைத் துரூயிடரின் மறைகளை வாழையடி வாழையாகக் காத்து வந்தது என்பதும், தாம் அக்குடியின் கடைசி வாரிசுகளுள் ஒருவர் என்பதும் அவர் சாதித்தவை. வட வேல்ஸ் புலவர்கள் தங்களுக்கே எல்லாப் பெருமையும் என்று பேசியதற்கு இது தெற்கின் விடை. துரூயிடர் மரத்தில் செதுக்கிய எழுத்து என்று ஒரு நெடுங்கணக்கையும் அவர் படைத்தார். உயிர் இருட்குழியிலிருந்து படிப்படியாகப் பிறவிதோறும் உயர்ந்து வெண்மை உலகை அடைவதாகப் பல வட்டங்கள் கொண்ட ஒரு தத்துவத்தையும் வகுத்தார். இவையனைத்தும் அவர் மறைந்த பின் 1862, 1874 ஆகிய ஆண்டுகளில் 'பர்தாஸ்' என்ற பெயரில் இரு தொகுதிகளாக அச்சாயின. பிற்காலத் துரூயிடர் பலர்க்கு அதுவே வேத நூல் ஆயிற்று.

'பர்தாஸ்' நூலைத் திறனாய்வாளர் கண்கொண்டு நோக்கினால், அதன் துரூயிடர் சீசர் கண்ட துரூயிடர் அல்லர் என்பது எளிதில் விளங்கும். அவர்கள் ஏக இறைவனை வணங்குகின்றனர், போரை வெறுக்கின்றனர், உருவிய வாளைக் கண்டால் உறையில் இடுகின்றனர், எல்லா மாந்தரையும் சமமாக மதிக்கின்றனர். அதாவது, 1790-களில் இலண்டனில் வாழ்ந்த ஒரு குடியாட்சிக் கொள்கையினர் எப்படி இருக்க விரும்புவாரோ அப்படியே இருக்கின்றனர். யோலோ தம் நெஞ்சிலிருந்ததை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் வாயில் வைத்தார். தம் பெயரால் அச்சிட்டிருந்தால் அந்நூல் ஒரு கற்பனைக் காவியமாக நின்றிருக்கும். உண்மையே உலகனைத்துக்கும் எதிர்நிற்க வல்லது என்ற கருத்தைத் தம் சபையின் முழக்கமாக வைத்தவரும் அவரே என்பதை எண்ணும்போது நகைப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது.

குட்டு வெளிப்பட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் மோரிஸ் ஜோன்ஸ் என்ற மொழியறிஞர் துரூயிடர் சடங்குகளின் பழைமையைக் கண்டித்து எழுதினார். யோலோவின் கையெழுத்துச் சுவடிகள் 1916-ம் ஆண்டு அபரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தை அடைந்த பின்னரே முழு உண்மை புலப்பட்டது. கிரிபித் ஜான் வில்லியம்ஸ் என்பார் அச்சுவடிகளில் மூழ்கி, 1926-ம் ஆண்டு வெளியிட்ட நூலில், தவித் ஆப் குவிலிமின் பிற்சேர்க்கைப் பாடல்கள் யோலோ பாடியவையே என்று நிறுவினார். சொல்லாட்சி, யாப்பு, அக்காலத்தில் வழங்காத பொருளில் வந்த சொற்கள் ஆகிய ஒவ்வொன்றையும் எடைபோட்ட அந்த ஆய்வு, இடைச்செருகலைக் கண்டறியும் கலைக்கு ஓர் இலக்கணம் எனலாம். பொய்யரைத் தேடிப் புறப்பட்ட அவ்வறிஞர், தேடத் தேட யோலோவின் கவித்திறத்தில் ஈடுபட்டு, 1963-ம் ஆண்டு தாம் மறையும் வரை அவரைப் பற்றியே எழுதினார். தாமஸ் பாரி 1952-ம் ஆண்டு பதிப்பித்த தவித் ஆப் குவிலிம் கவிதைத் தொகுதியில்தான் போலிகளெல்லாம் களையப்பெற்றன. நூறாண்டுக்கு மேலாக அகராதிகளிலும் இலக்கிய வரலாறுகளிலும் புகுந்துவிட்ட போலிச் சொல்லையும் போலிப் புலவரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிய ஒரு தலைமுறை அறிஞரின் வாழ்நாள் செலவாயிற்று. யோலோவின் குற்றத்தை அளப்பதற்குரிய அளவுகோல் இதுவே.

இங்கே இருவேறு திறனாய்வுக் கட்சிகள் எதிரெதிர் நிற்கின்றன. எடின்பரோப் பல்கலைக்கழகத் தொல்பொருளறிஞர் ஸ்டூவர்ட் பிகட் 1968-ம் ஆண்டு எழுதிய 'துரூயிடர்' என்ற நூல் முதற்கட்சியின் குரல். சான்றினால் அறியப்பட்ட துரூயிடர் ஒரு பக்கம், விரும்பிப் புனையப்பட்ட துரூயிடர் மறுபக்கம் என்று அவர் கோடு கிழித்தார். இக்காலத் துரூயிடர் மீது அவருக்குச் சிறிதும் பரிவில்லை, ஏளனமே மிகுதி. பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றறிஞர் ரொனால்டு ஹட்டன் 2009-ம் ஆண்டு வெளியிட்ட 'குருதியும் புல்லுருவியும்' என்ற பெருநூல் மற்றக் கட்சி. பிகட் நம்பிய உரோமானியச் சான்றுகளே ஐயத்துக்குரியவை என்று ஹட்டன் காட்டுகிறார். டாசிட்டஸ் மோனாவைக் கண்டவர் அல்லர். பிளினியின் பொன் அரிவாளை வேறெவரும் உறுதி செய்யவில்லை. ஆகவே 'அறியப்பட்ட துரூயிடர்' என்று நாட்டக்கூடியது மிகச் சிலவே. துரூயிடரைப் பற்றிய வரலாறு என்பது துரூயிடரை நினைத்தவர்களின் வரலாறே என்பது அவர் நூலின் சாரம்.

இருநூல்களையும் ஒப்பிட்டால் ஹட்டனுக்கே மேன்மை தரவேண்டும். பிகட்டின் ஏளனம் ஒரு கேள்விக்கும் விடை தரவில்லை. போலி என்று தெரிந்த பின்னும் ஒரு சடங்கு ஏன் வாழ்கிறது, அதில் கூடுவோர் பெறுவது என்ன என்ற கேள்வி அவர் கண்ணில் படவே இல்லை. ஹட்டன் அதைக் கேட்டார். ஆனால், ஹட்டனின் பரிவை முன்வைத்து, மரபுகள் யாவுமே புதுப் புனைவுதாமே என்று சொல்லி அமைதி காண்போர் இன்று பலர். 1983-ம் ஆண்டு ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் பதிப்பித்த 'மரபின் புனைவு' என்ற நூலில் வேல்ஸ் பற்றிய கட்டுரையும் உண்டு. அதற்குப் பிறகு இப்பேச்சு ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. இது கொள்ளத்தக்கதன்று. புதுச் சடங்கைப் புனைபவர் எவரையும் ஏமாற்றுவதில்லை. சுவடியை எழுதி, அதற்குப் பழைய புலவரின் பெயரைச் சூட்டி, அதைப் பதிப்பாசிரியரிடம் சான்றாக நீட்டுபவர் ஏமாற்றுகிறார். முன்னது பண்பாடு, பின்னது மோசடி. யோலோ இரண்டையும் ஒரே கையால் செய்தார் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடமாட்டா. இந்த வேறுபாட்டைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டு கிளைகளை நோக்கினால், அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பது தெளிவாகும்.

யோலோ 1792-ம் ஆண்டு பிரிம்ரோஸ் குன்றில் சிறு கற்களை வட்டமாக அடுக்கி நடத்திய புலவர் அவைக்குக் கோர்செத் என்று பெயர். 1819-ம் ஆண்டு கார்மார்தன் நகரில் நடந்த புலவர் விழாவில், விடுதி ஒன்றின் தோட்டத்தில் அதனைக் கூட்டி, ஐஸ்டெத்வொட் என்னும் வேல்ஸ் இலக்கியப் பெருவிழாவோடு பிணைத்துவிட்டார். இன்றும் அவ்விழாவில் நீலம், பச்சை, வெள்ளை அங்கி அணிந்தோர் நடுவில் வெற்றி பெற்ற கவிஞர் முடிசூட்டப்படுகிறார். இவர்கள் துரூயிட சமயத்தவர் அல்லர், பெரும்பாலோர் கிறிஸ்துவர். 2002-ம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபையின் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ரோவன் வில்லியம்ஸ் இதில் சேர்க்கப்பட்டபோது பேராயர் பாகன் நெறிக்கு மாறிவிட்டார் என்று சில இதழ்கள் கூக்குரலிட்டது அறியாமை. தன் மொழி 2011-ம் ஆண்டு வரை ஆட்சிமொழியாக இல்லாதிருந்த ஒரு சிறு நாடு, அம்மொழியில் பாடும் புலவனுக்கு ஆண்டுதோறும் அரச மரியாதை செய்யும் அவை அது. சடங்கு போலி என்பதை வேல்ஸ் மக்கள் நன்கறிவர்; 2005-ம் ஆண்டிலிருந்து வட்டக் கற்களே கண்ணாடி இழையில் வார்த்த பொய்க்கற்கள்! ஊர் ஊராகத் தூக்கிச் செல்ல வசதி. யோலோ இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். பிரெஞ்சு நாட்டுப் பிரித்தானியில் 1900-ம் ஆண்டும், கார்ன்வால் பகுதியில் 1928-ம் ஆண்டும் இவ்வவையின் தம்பியர் தோன்றினர். அவையும் அருகிவரும் மொழிகளுக்காகவே எழுந்தவை. போலியிலிருந்து பிறந்து பொய்யை உதறிவிட்ட கிளை என்று இதனைக் கூறலாம்.

இவ்விரு பிரிவிலும் அடங்காதவர் மருத்துவர் வில்லியம் பிரைஸ். நரித்தோல் தொப்பியும் பச்சை உடையும் அணிந்து தம்மைத் தலைமைத் துரூயிடராக அறிவித்துக்கொண்ட அவரை ஊரார் பித்தர் என்றே எண்ணினர். 1884-ம் ஆண்டு ஜனவரியில், எண்பது வயதைக் கடந்த அவர், இறந்துபோன தம் கைக்குழந்தையின் உடலை லான்டிரிசன்ட் ஊர்க் குன்றின் மேல் எரியூட்டினார். கிறிஸ்துவ நாட்டில் பிணத்தை எரிப்பதா என்று மக்கள் கொதித்தனர், வழக்கும் தொடரப்பட்டது. கார்டிப் வழக்கு மன்றத்தில் நீதிபதி ஸ்டீபன், பொதுத் தொல்லை விளையாதவரை எரியூட்டல் குற்றமன்று என்று தீர்ப்பளித்தார். மறு ஆண்டே வோக்கிங் நகரில் முறையான தகனம் நடைபெற்றது. 1902-ம் ஆண்டு தகனச் சட்டம் நிறைவேறியது. பிரைஸ் 1893-ம் ஆண்டு இறந்து அதே குன்றில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் கூடினர் என்பர். துரூயிடர் பிணத்தை எரித்தனர் என்று பிரைஸ் நம்பியதற்குச் சீசரின் நூலில் ஒரு பிடிப்பு உண்டு. கால் நாட்டுப் பெரியோரின் ஈமத்தீயை அவர் குறிப்பிடுகிறார். பித்தர் பிடிவாதம் பிடித்திராவிடில் பிரிட்டனில் குடியேறிய இந்துக்கள் எரியூட்டும் உரிமைக்காக எத்தனை காலம் காத்திருக்க நேர்ந்திருக்குமோ?

சமயம் என்ற பெயருக்கு முழு உரிமையுடைய கிளை இருபதாம் நூற்றாண்டில்தான் தழைத்தது. ஜார்ஜ் வாட்சன் மாக்கிரகர் ரீடு என்ற இயற்கை வைத்தியர், உலகச் சமயங்கள் பலவற்றைக் கலந்து ஒரு சபையை அமைத்து, வேனில் நெடும்பகல் நாளில் ஸ்டோன்ஹெஞ்சில் சூரியோதய வழிபாடு நடத்தினார். 1901-ம் ஆண்டு முதல் அங்கே நுழைவுக் கட்டணம் வாங்கப்பட்டதால், வழிபட வந்தோர்க்கும் காவலர்க்கும் ஓயாத பூசல். அவர் 1946-ம் ஆண்டு மறைந்தார். அவருக்குப் பின் தலைமை ஏற்ற மகனும் 1964-ம் ஆண்டு மறைந்தார். அடுத்த தலைவர் தேர்தலை ஏற்காத ராஸ் நிக்கல்ஸ் என்ற கவிஞரும் ஆசிரியரும் வெளியேறிப் 'பாணர், ஓவேட்டர், துரூயிடர் சங்கம்' கண்டார். மாந்திரீக நெறியைப் பரப்பிய ஜெரால்டு கார்டனர் அவர் நண்பர். கதிரவனின் நான்கு திருப்பு நாட்களையும் ஐரிஷ் மக்களின் நான்கு பருவ விழாக்களையும் இணைத்த எட்டு விழாச் சுழற்சி அவ்விருவர் வட்டத்திலிருந்தே பரவியது. பண்டைக் காலத்தில் எட்டையும் ஒருங்கே கொண்டாடிய இனம் எதுவும் இருந்ததாகச் சான்றில்லை. நிக்கல்ஸ் 1975-ம் ஆண்டு இறந்தபின் ஒடுங்கிய சங்கத்தைப் பிலிப் கார்-கோம் 1988-ம் ஆண்டு உயிர்ப்பித்து, அஞ்சல் வழிப் பாடங்களாக மாற்றினார். இருபதாண்டு வாய்மொழிக் கல்வி என்று சீசர் சொன்னது, மாதந்தோறும் தபாலில் வரும் பாடமாயிற்று! ஆயினும் அப்பாடங்களே இந்நெறியைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றன.

அமெரிக்கக் கிளையின் பிறப்பு வேடிக்கையானது. மின்னசோட்டா மாநிலத்துக் கார்ல்டன் கல்லூரியில் மாணவர் ஞாயிறுதோறும் ஏதேனும் ஒரு வழிபாட்டுக்குச் சென்று தீரவேண்டும் என்று விதி. 1963-ம் ஆண்டு சில மாணவர், எந்த வழிபாடானாலும் சரிதானே என்று துரூயிடர் வழிபாடு ஒன்றை ஏற்படுத்திக் குன்றின் மேல் கூடினர். மறு ஆண்டு விதி நீங்கியது; வழிபாடு நீங்கவில்லை. விளையாட்டாகத் தொடங்கியதில் தங்களுக்கு ஏதோ ஒரு நிறைவு கிட்டியதை அவர்கள் கண்டுகொண்டனர். இங்கே ஒரு பொய்யும் இல்லை; புதிது என்பதை மறைக்கவும் இல்லை. இக்கிளையில் பழகிய ஐசக் போன்விட்ஸ் 1983-ம் ஆண்டு 'நம் சொந்தத் துரூயிட நெறி' என்று பொருள்படும் ஐரிஷ் பெயரில் புதிய சபை தொடங்கினார். யோலோவின் ஏடுகளை வெளிப்படையாகத் தள்ளி, மொழிநூலும் ஒப்பியல் சமய ஆராய்ச்சியும் காட்டும் இந்தோ-ஐரோப்பியப் பழைமையை அடிப்படையாகக் கொள்வதே அதன் துணிவு. அதனால் கெல்டியர் மட்டுமன்றிக் கிரேக்க, வேத தெய்வங்களை வழிபடுவோர்க்கும் அங்கே இடமுண்டு. இப்பரப்பைப் பொறாமல், கெல்டியம் ஒன்றே போதும் என்று பிரிந்தோர் 'கெல்டிரியா' என்ற வட்டமாயினர். அறிஞர் நூலைச் சார்ந்து சமயம் அமைப்பதில் ஓர் இடர் உண்டு: அறிஞர் கருத்து மாறும்போது வழிபாடும் மாறவேண்டுமா? இக்கேள்விக்கு அச்சபை தெளிவான விடை தந்ததாகத் தெரியவில்லை. எனினும், மாறத் தயங்காத நூலை நம்புவது, மாறாத பொய்யை நம்புவதினும் மேல்.

பிரிட்டனில் 1980-களுக்குப் பின் கிளைகள் பெருகின. 1989-ம் ஆண்டு அவற்றுக்கிடையே ஒரு பேரவையும் அமைந்தது. 1985-ம் ஆண்டு ஸ்டோன்ஹெஞ்சு விழாவுக்குச் சென்றோரைப் போலீசார் தாக்கிக் கலைத்தபின், நெடும்பகல் நாளில் அங்கு நெருங்கவே தடை நீடித்தது. ஆர்தர் மன்னரின் பெயரைச் சட்டப்படி சூடிக்கொண்ட ஒருவரும் அவருடைய துரூயிடப் படையினரும் ஆண்டுதோறும் தடையை மீறினர். 1999-ம் ஆண்டு பிரபுக்கள் சபை, பொதுவழியில் அமைதியாகக் கூடுவது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. 2000-ம் ஆண்டு முதல் நெடும்பகல் நாளில் கல் வட்டம் திறக்கப்பட்டது. 2010-ம் ஆண்டு 'துரூயிடர் வலையம்' என்ற அமைப்பை அறக்கட்டளை ஆணையம் சமய அறநிலையமாகப் பதிவு செய்தது. ஆணையம் நோக்கியது பழைமையை அன்று. வழிபாடும், ஒழுக்கக் கொள்கையும், பொது நன்மையும் உண்டா என்பதையே. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைத் துரூயிடர் என்று எழுதியோர் 4,189 பேர்.

பழைமை என்ற கேள்வி மீண்டும் தலையெடுத்தது எலும்பு விஷயத்தில். ஏவ்பரிக்கு அருகே விண்ட்மில் குன்றில் 1920-களில் தோண்டியெடுத்த ஒரு குழந்தையின் எலும்புக்கூடு அவ்வூர் அருங்காட்சியகத்தில் இருந்தது. ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. தங்கள் முன்னோரின் உடலைக் காட்சிப் பொருளாக்குதல் தகாது, மண்ணில் மீண்டும் புதைக்கவேண்டும் என்று துரூயிடர் பேரவையினர் 2006-ம் ஆண்டு விண்ணப்பித்தனர். இறந்தோரை மதிக்கவேண்டும் என்ற அவர்கள் வேண்டுகோளில் நியாயம் உண்டு. 'எங்கள் முன்னோர்' என்ற சொல்லில்தான் ஸ்டூக்லியின் பிழையும் யோலோவின் பொய்யும் ஒருசேர ஒலித்தன. அக்குழந்தை வாழ்ந்தபோது துரூயிடரும் இல்லை, கெல்டிய மொழியும் அத்தீவில் இருந்ததற்குச் சான்றில்லை. அக்குழந்தைக்கு மற்றப் பிரிட்டானியரை விட இவர்கள் எவ்வகையில் நெருங்கிய உறவினர் என்பதை அவர்களால் காட்ட இயலவில்லை. பொதுமக்கள் கருத்தைக் கேட்டபின், 2010-ம் ஆண்டு, எலும்புக்கூடு அருங்காட்சியகத்திலேயே இருக்கும் என்று முடிவாயிற்று. அம்முடிவை வரவேற்றோருள், தொல்பொருளாய்வைப் போற்றும் பாகன் நெறியினர் சிலரும் இருந்தனர்.